ஆள் போன பிறகு வந்த சடக்கு

சுகன்,

உன் பெட்டி கூடத்தில் பாதி திறந்தபடி கிடக்கிறது. அப்பா உன் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டு அடுக்கிக்கொண்டிருக்கிறார். வேண்டாம் என்று நீ சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. திங்கட்கிழமை நீ புத்ராஜெயாவில் அரசாங்க வேலையில் சேருகிறாய். நேற்றுக் காலை பசியாறும்போது என்னிடம் ஒன்று கேட்டாய். "அம்மா, நீங்க கவர்மெண்ட்ல இருந்தப்ப இந்த டார்கெட் எல்லாம் எப்படி வச்சாங்க? அடுத்த அஞ்சு வருஷத் திட்டத்துல கிராமப்புறத்துக்கு இலக்கு போடுறதுதான் எங்க செக்‌ஷன் வேலையாம்." நான், "அதெல்லாம் மேலேருந்து வரும்லா" என்று சொல்லிவிட்டுத் தோசையைத் திருப்பப் போய்விட்டேன். அது முழுப் பதில் இல்லை. உன் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அந்தப் பதில் உன் பெரியம்மாவின் கதை. வாயால் சொன்னால் பாதியிலேயே குரல் உடைந்துவிடும், நீயும் தண்ணீர் எடுத்துவர ஓடுவாய். அதனால்தான் இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளியில் படித்தவன் நீ. என் கையெழுத்து கோணலாக இருந்தாலும் படித்துவிடுவாய்.

பெரியம்மாவை உனக்குத் தெரியும். ஆனால் நீ பார்த்தது தீபாவளிக்குத் தீபாவளி முறுக்கு டின்னோடு வந்து, உன் கன்னத்தைக் கிள்ளி, "இவன் என்னாடி இப்படி எலும்பா இருக்கான்" என்று என்னைத் திட்டிவிட்டுப் போகும் பெரியம்மாவை. அவள் வாழ்ந்த இடம் உனக்கு அவ்வளவாகத் தெரியாது. கடைசிக் காலத்தில் நீ வடக்கே பல்கலைக்கழகத்தில் இருந்தாய். அவள் போன அன்று உனக்குப் பரீட்சை. நீ பஸ் ஏறி வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டோம். வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. திடீரென்று என்ன ஆயிற்று என்று நீ கேட்டாய். "கிட்னி" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டேன். அந்த ஒரு சொல் போதாது.

புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே போனால் செம்பனைக் காட்டுக்கு நடுவில் எங்கள் தோட்டத்தின் கீழ்ப்பிரிவு இருந்தது. அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில்தான் நானும் பெரியம்மாவும் பிறந்தோம். அப்போது அது ரப்பர் தோட்டம். அவள் பதின்மூன்று பதினான்கு வயதிலேயே அம்மாவோடு பால்வெட்டப் போய்விட்டாள். நான் ஐந்தாம் படிவம் வரை படித்தேன், தட்டச்சு கற்றேன், அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக, கிராணி வேலை கிடைத்தது. எனக்கு வேலை கிடைத்த செய்தியை லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னவள் அவள்தான். "எங்க வீட்லயும் ஒரு கிராணி. இனி எவனாச்சும் எங்கள விரட்டிப் பாக்கட்டும்" என்று வேலை வாங்கும் மண்டோரின் வீட்டு வாசலில் நின்று வேண்டுமென்றே உரக்கச் சொன்னாளாம். அவள் அப்படித்தான். சண்டைக்காரி. யார் வீட்டுக் கோழியாவது அவள் கறிவேப்பிலைச் செடியைக் கொத்தினால் அந்த வீட்டோடு ஒரு மாதம் பேச மாட்டாள். அதே வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சியோடு முதலில் போய் நிற்பவளும் அவள்தான்.

காலம் மாறியது. ரப்பரை வெட்டிச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். தோட்டம் இரண்டு மூன்று முறை கைமாறியது. வேலை இல்லாதவர்கள் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற பேச்சு வந்தது. அதோடு, இருக்கிற குடும்பங்களுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டித் தருவதாகவும் தோட்டக் கொம்பெனி வாய்மொழியாகச் சொன்னது. பலர் நம்பாமல் ரவாங் பக்கம் பிள்ளைகளோடு போய்விட்டார்கள். போக இடமில்லாத சில குடும்பங்கள் மட்டும் தங்கின. பெரியப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார், பிள்ளைகளும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று நான் எத்தனையோ முறை கூப்பிட்டேன். அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: "நான் ஒருத்தி கெளம்பினா போதும் பாப்பா, லயம் காலியாவுதுன்னு எழுதிடுவான். மத்ததுங்க எங்க போவும்? சரசு எங்க போவா?" சரசு என்பது பக்கத்து வீட்டுக்காரி, பெரியம்மாவோடு ஒரே மர நிரையில் பால்வெட்டியவள். நீ சின்னவனாக இருந்தபோது உனக்குப் புளிச்சாங்காய் பறித்துக் கொடுப்பாள். நினைவிருக்கிறதா தெரியவில்லை.

மீதமிருந்தவர்கள் பெரியம்மாவைத் தலைவியாக்கினார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, சடக்கு. பெரிய ரோட்டிலிருந்து லயம் வரைக்கும் தார் போட்ட சடக்கு. இருந்தது செம்மண் பாதை. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போய்ப் போய் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம். மழை பெய்தால் பள்ளிக்கூட வேன் உள்ளே வராது. பிள்ளைகள் காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு, சேற்றில் நடந்து, ரோட்டோரக் குழாயில் கால் கழுவிவிட்டு வேன் ஏறுவார்கள். நான் அரசாங்கத்தில், அதுவும் மேம்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன் என்பதால் அந்தச் சடக்கு என் மேசைக்கு எப்படியும் வந்துவிடும் என்று அவள் நம்பினாள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் தொடக்கத்தில் மேலிருந்து இலக்கு வரும். இத்தனை கிலோமீட்டர் கிராமச் சாலை, இத்தனை பாலம், இத்தனை மண்டபம். எந்த ஊருக்கு எது வேண்டும் என்று கேட்டு வந்ததில்லை. இவ்வளவு என்று முதலில் வந்துவிடும், எங்கே என்பதை நாங்கள் தேட வேண்டும். எங்கள் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் துவான் ஹாஷிம். நல்ல மனிதர், உண்மையாகவே நல்ல மனிதர். ஆண்டு முடிவதற்குள் வேலை முடியவில்லை என்றால் ஒதுக்கியது திரும்பிப் போய்விடும். அடுத்த ஆண்டு, "உங்களால் செய்ய முடியவில்லையே" என்று குறைத்துவிடுவார்கள். அதனால் எந்த இடத்தில் நிலத்தகராறு இல்லையோ, எந்த இடத்தில் சாலை போடும் குத்தகைக்காரரால் உடனே தார் ஊற்ற முடியுமோ, அந்த இடத்துக்குத்தான் சாலை முதலில் போகும். தண்ணீர் பள்ளத்தைத் தேடுகிற மாதிரி இலக்கு சுலபமான இடத்தைத் தேடும். ஏற்கெனவே தார் போட்ட சாலைக்கு மேலேயே மறுபடியும் தார் போட்டு இலக்கை எட்டிய ஆண்டும் உண்டு. துவான் ஹாஷிம் அன்றைக்கு அறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மலாயில் என்னிடம் சொன்னார்: "புவான், நாம் பரீட்சையில் பாஸ். பாடம் மட்டும் படிக்கவில்லை."

ஆனால் எங்கள் கீழ்ப்பிரிவு அந்தச் சுலபத்துக்கும் கஷ்டத்துக்கும் வெளியே இருந்தது. தோட்டம் தனியார் நிலம். அரசாங்கக் காசை அடுத்தவன் நிலத்தில் கொட்டக் கூடாது என்பது விதி. விதியில் நியாயம் இருந்தது. அந்த நிலத்தில் மூன்று தலைமுறையாக ஆட்கள் இருந்தார்கள் என்பதை மட்டும் விதி பார்க்கவில்லை. இதை நான் பெரியம்மாவிடம் சொன்ன அன்று அவள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்ப நாங்க கம்பத்து ஆளுங்க இல்லியா?"

"இல்லக்கா. கம்பம்னா கிராமம், அது வேற கணக்கு."

"டவுன் ஆளுங்களா?"

"அதுவும் இல்ல."

"அப்ப யாருடி நாங்க? குருவிங்களா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கீரைக் காம்புகளை அள்ளி வெளியே எறிந்துவிட்டு, "உங்க தொரைய ஒரு நாளு இங்க வந்து பாக்கச் சொல்லு. மழ நாளா பாத்து வரச் சொல்லு" என்றாள்.

அதற்குப் பிறகு சில மாதங்களில் அவளுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. இனிப்பு நீர் அவளுக்கு ரொம்ப நாளாக இருந்தது, அவள்தான் மதிக்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்றார்கள். வாரத்துக்கு மூன்று நாள் கோலசிலாங்கூரில் ரத்தம் சுத்தம் செய்யப் போக வேண்டும். நோயாளிகளை ஏற்றிவரும் வேன் பெரிய ரோட்டு வரைக்கும்தான் வரும். லயத்திலிருந்து அதுவரை உன் அப்பா மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். அதற்காகவே இங்கிருந்து விடியற்காலையில் கிளம்புவார். அப்பா இதைப்பற்றி உன்னிடம் ஒரு நாளும் பேசியிருக்க மாட்டார். மழை நாளில் மோட்டார் சேற்றில் வழுக்கும். இரண்டு பேரும் விழுந்து எழுந்த நாட்கள் உண்டு. ஒரு நாள் மழை ஓயவே இல்லை. சிறிய வாய்க்கால் பொங்கிப் பாதையை மூடிவிட்டது. அன்று அவளால் போக முடியவில்லை. மறுநாள் அவளுக்கு மூச்சு முட்டியது. சரசுவும் இன்னொருத்தியும் அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்கள். அந்த நாற்காலிப் பயணத்தைப் பற்றி அவளே பிறகு கதையாகச் சொல்வாள்: "சாமி ஊர்வலம் மாதிரி கொண்டு போனாளுங்க. எவனும் தேங்கா மட்டும் ஒடைக்கல."

நான் துவான் ஹாஷிமிடம் போய் அழுதேன். அலுவலகத்தில் நான் அழுதது அந்த ஒரு முறைதான். மறுவாரம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதியம், அவர் தன் சொந்தக் காடியை எடுத்துக்கொண்டு என்னையும் ஏற்றிக்கொண்டு கீழ்ப்பிரிவுக்கு வந்தார். பாதி வழியில் காடி புதைந்துவிட்டது. செம்பனை வேலைக்கு வந்திருந்த ஆட்கள் தள்ளினார்கள், அவரும் கால்சட்டையை மடித்துவிட்டு இறங்கித் தள்ளினார். வாசலில் நின்று நாங்கள் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா, அவர் முகம் கை கழுவத் தண்ணீர் கொடுத்தாள். தனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில், "துவான், இது ரோடு இல்ல. இது எருமை மாட்டுக்கு ஸ்விம்மிங் பூல்" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று அவள் போட்டுக் கொடுத்த கோப்பியைக் குடித்துக்கொண்டே அவர்தான் ஒரு வழி சொன்னார். பாதை ஓடும் அந்தக் கீற்று நிலத்தை மட்டும் கொம்பெனி அரசாங்கத்துக்கு ஒப்படைத்துவிட்டால், அது அரசாங்கப் பாதை. பிறகு தார் போடத் தடையில்லை.

கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? ஆண்டுகள் ஓடின, சுகன். கொம்பெனி மேலாளரைப் பார்க்க வேண்டும், அவர் தலைமையகத்தைக் கேட்க வேண்டும், தலைமையகத்தில் ஆள் மாறுவார். நில அளவைக்கு ஆள் வர வேண்டும். அளந்த பிறகு இன்னோர் இலாகா எல்லைக் கல் நட வேண்டும். எந்த மேசையிலும் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லாரும் தங்கள் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். ஒரு மேசைக்கும் அடுத்த மேசைக்கும் நடுவில் மட்டும் யாரும் இல்லை. துவான் ஹாஷிம்தான் அந்த இடைவெளிகளில் நடந்தார். மதிய உணவு நேரத்தில் அந்தச் சாலைக் கோப்பைத் தானே தூக்கிக்கொண்டு போய் அடுத்த அலுவலகத்தில் வைத்துவிட்டு வருவார். கடைசியில் ஒப்படைப்பு முடிந்தது. அடுத்த ஆண்டுத் திட்டத்தில் கீழ்ப்பிரிவுச் சாலை இடம்பெற்றது. அதைத் தட்டச்சு செய்தது நான்தான். என் பெயரை என் கல்யாணப் பத்திரிகையில் பார்த்தபோதுகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

லயத்தில் அன்று பாயசம் காய்ச்சினார்கள். பெரியம்மாவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நீர் என்று கட்டுப்பாடு இருந்தது, இனிப்பும் கூடாது. அவள் ஒரு டம்ளர் நிறைய ஊற்றிக்கொண்டு எங்கள் எல்லார் எதிரிலும் குடித்தாள். அப்பா, "அக்கா, வேணாம்" என்று எழுந்தார். "உக்காருங்க மாப்ள" என்றாள். "தார் ஊத்துறப்ப நான் இருப்பேனோ இல்லியோ. இத இப்பவே குடிச்சிடுறேன்." அவளுக்கு ஏதோ தெரிந்திருந்ததா, இல்லை, வழக்கமான வாயாடித்தனமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தார் ஊற்ற வேண்டிய ஆண்டு பிறந்தது. எங்கள் வட்டாரத்தில் புது வீடமைப்புகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதனால் நகராட்சி எல்லைகளைத் திருத்தி வரைந்தார்கள். புதுக் கோடு செம்பனைக் காட்டுக்கு அந்தப் பக்கமாகப் போயிற்று. கீழ்ப்பிரிவு கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டது. கோட்டுக்கு உள்ளே இருப்பது நகரம். கிராமப்புற நிதியை நகரத்தில் செலவு செய்யக் கூடாது. நகரத்து நிதியைக் கேட்டுப் பார்த்தோம். இவ்வளவு குறைவான ஆட்கள் இருக்கும் இடத்துக்கு முறை வர நாளாகும் என்றார்கள். அதுவும் பொய்யில்லை. துவான் ஹாஷிம் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "உங்கள் அக்காவிடம் நானே வந்து சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், நான் சொல்கிறேன் என்றேன்.

ரத்தம் சுத்தம் செய்துவிட்டு வரும் நாளில் அவள் களைத்துப்போய்ப் படுத்திருப்பாள். அதனால் அந்த நாளை விட்டுவிட்டு மறுநாள் போனேன். கோழிகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். சொன்னேன். பிசைந்த கை நின்றது.

"டவுனா?" என்றாள்.

"ஆமாக்கா."

சுற்றிலும் பார்த்தாள். தகரக் கூரை, செம்பனை, சேறு, கோழி. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "ஏய் சரசு, இங்க வாடி! நாம டவுன்காரிங்களாயிட்டோமாம். பவுடரு போட்டுக்கடி!" சரசுவும் சிரித்துக்கொண்டே வந்தாள், என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பெரியம்மா தவிட்டுக் கையோடே என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "அழுவாத பாப்பா. நீ என்னா பண்ணுவ? உன் தொரதான் என்னா பண்ணுவாரு? கோடு போட்டவன் நம்மள பாக்கலலா. பாத்திருந்தா கொஞ்சம் வளைச்சிருப்பான்." என் முடியெல்லாம் தவிடு. வீட்டுக்கு வந்து அலசும்போது கரைந்து போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த மழைக்காலத்துக்குப் பிறகு கொம்பெனி வீடு கட்டித் தரும் பேச்சையே விட்டுவிட்டு, டவுன் ஓரத்தில் மலிவு விலை அடுக்குமாடியில் இடம் ஏற்பாடு செய்து தருவதாகச் சொன்னது. எதிர்த்து நிற்க வேண்டும் என்று இரண்டொரு இளைஞர்கள் சொன்னார்கள். எல்லாரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள். அவள் அன்று கூட்டத்தில் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை முழுக்க ஊசிபோட்ட வீக்கம். "போயிடலாம்" என்றாள். "எனக்காக யாரும் இருக்க வேணாம். பிள்ளைங்க காலக் கழுவிட்டு ஸ்கூலுக்குப் போனது போதும்." இவ்வளவுதான் பேசினாள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவள் தோற்றுப்போய் நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அவள் மட்டும் அடுக்குமாடிக்குப் போகாமல் நம் வீட்டுக்கு வந்தாள். அவளுக்குக் கொடுத்தது நீ இப்போது படுக்கிற அறைதான், நீ அப்போது வடக்கே இருந்தாய். இங்கே தார்ச் சாலை இருந்தது, வேன் வாசலுக்கே வந்தது, ஒரு நாளும் சிகிச்சை தவறவில்லை. ஆனால் இதயம் முன்பே பலவீனப்பட்டுவிட்டது. சடக்கு இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா, விட்டுப்போன நாட்கள் நல்லது செய்யவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றார். அதனால் உன்னிடமும் அதற்கு மேல் சொல்ல மாட்டேன். அவளைச் சடக்கு கொன்றது என்று எழுதினால் அது பொய். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தபோது, "கோழிக்கு யாரு தவுடு போடுறா?" என்று கேட்டாள். கோழிகளை எப்போதோ கொடுத்துவிட்டோம். "சரசு போடுறாக்கா" என்றேன். தலையாட்டினாள். அப்படியே என் மேல் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துச் சீவி முடித்துக் கொண்டை போட்டுவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது.

துவான் ஹாஷிம் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். செய்தி கேட்டு வந்து, வாசலில் நாற்காலிகளை இறக்குகிறவர்களோடு சேர்ந்து இறக்கினார். யாரோ பந்தல்காரர் என்று நினைத்து அவரிடமே தண்ணீர் கேட்டார்கள். கொண்டுவந்து கொடுத்தார்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நீ கேட்ட கேள்விக்கு நேரான பதில். பெரியம்மா போன மறு ஆண்டு. புதிதாக வந்த அதிகாரி சின்னப் பையன், உன்னைப்போல் சுறுசுறுப்பானவன். ஆண்டு முடியப்போகிறது, கிலோமீட்டர் குறைகிறது. விளைபொருள் ஏற்றிச் செல்லும் பாதைகளுக்கென்று தனியாக ஓர் ஒதுக்கீடு வந்திருந்தது, அதற்கு நகரம் கிராமம் என்ற பேதம் கிடையாது. எந்தப் பாதை உடனே போட முடியும் என்று தேடினான். கீழ்ப்பிரிவுப் பாதை கிடைத்தது. நிலம் ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டது. அளந்தாகிவிட்டது, கல் நட்டாகிவிட்டது. வழியில் வீடு இல்லை, ஆள் இல்லை, எதிர்ப்பு இல்லை. மாவட்டத்திலேயே இதைவிடச் சுலபமான சாலை கிடையாது என்று மகிழ்ச்சியோடு என்னிடம் சொன்னான். நாங்கள் அத்தனை ஆண்டு அலைந்து சுலபமாக்கி வைத்த சாலை அது. அவனுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவும் இல்லை. சில வாரங்களில் தார் ஊற்றிவிட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு எங்கள் சட்டமன்ற உறுப்பினர், ஒய்பி, வந்தார். பயனடைந்த மக்கள் இல்லாமல் படம் எடுக்க முடியாதே. அடுக்குமாடியிலிருந்து பழைய ஆட்களை பஸ்ஸில் ஏற்றி வந்தார்கள். ஓய்வு பெறுவதற்கு முன் நான் கலந்துகொண்ட கடைசி அரசாங்க நிகழ்ச்சி அதுதான். லயங்களை முன்பே இடித்துவிட்டார்கள், அங்கெல்லாம் இளம் செம்பனை நட்டிருந்தார்கள். சாலை கறுப்பாக, பளபளப்பாக, ஒரு பள்ளம்கூட இல்லாமல், யாருமில்லாத இடத்தில் போய் முடிந்தது. படம் எடுக்கிறவர் சரசுவிடம், "அம்மா, ரோடு எப்படி இருக்கு, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டார். சரசு அந்தச் சாலையைக் குனிந்து பார்த்தாள். "ரொம்ப நல்லா இருக்குய்யா" என்றாள். குரலில் கேலியே இல்லை. "நாற்காலி தூக்கிட்டு வந்தா கால் வழுக்காது."

அவருக்குப் புரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். நான் அலுவலகம் திரும்பி, ஆண்டறிக்கையில் அந்தச் சாலைக்கு நேராக "நிறைவேறியது" என்று தட்டினேன். உண்மைதானே. நிறைவேறியது.

சுகன், இலக்கே வைக்காதே என்று நான் சொல்லவில்லை. நாங்கள் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்கள். எங்களுக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் வந்தது, எங்கோ ஒருவர் உட்கார்ந்து, இத்தனை ஆண்டுக்குள் இத்தனை வீடு என்று எழுதியதால்தான். எழுதாமல் விட்டவர்களுக்கு எதுவும் வருவதில்லை. அதுவும் எனக்குத் தெரியும். எண் இல்லாமல் அரசாங்கத்தால் ஓர் அடி நகர முடியாது. ஆனால் எண் ஆளுக்காகக் காத்திருக்காது. ஆட்கள்தான் எண்ணுக்காகக் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருக்கிறவர்களுக்கு வயதாகிறது, கால் வீங்குகிறது. "பயனாளிகள்" என்று நீ எழுதும்போது அவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களா என்று யாரையாவது கேள். போன் செய்தாவது கேள். கிராமம் எது, நகரம் எது என்று கோடு போடுகிற கூட்டத்தில் நீ இருந்தால், கோட்டின் மேலேயே ஒரு வீடு இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதே. புதிதாக வந்தவன் கேட்கிற கேள்விக்கு யாரும் கோபப்பட மாட்டார்கள். பழகிய பிறகு நீயே கேட்க மாட்டாய். அதுதான் எனக்குப் பயம். துவான் ஹாஷிம் போன்றவர்கள் ஒவ்வோர் அலுவலகத்திலும் இருப்பார்கள், மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கோப்பைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்கள். அவர்களைக் கண்டுபிடித்து அவர்களோடு நட. அவர்களுக்கும் துணை வேண்டும்.

நேற்று மாலை, நீ நண்பர்களோடு வெளியே போயிருந்தபோது, சரசுவைப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் அடுக்குமாடியில் மேல்மாடிக்காரி. மின்தூக்கி கெட்டுப்போய் மாதக்கணக்காகிறது. முட்டி வலியால் அவளால் இறங்க முடியவில்லை. காய்கறி வாங்கிக்கொண்டு போனேன், நானே இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன். நீ புத்ராஜெயா போவதைச் சொன்னதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம பையனா? மேல உக்காந்து கணக்குப் போடுற எடத்துக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்: "கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காத. நாங்க இப்ப எந்தக் கணக்குல இருக்கோம்னு அவனக் கேட்டுச் சொல்றியா? கீழ எறங்கி ரொம்ப நாளாச்சி."

கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அம்மா